பழக்கமில்லாத கேன்யன் நிலத்தில் மான் வேட்டை: திரும்பும் வழியிலிருந்து தொடங்கும் திட்டம்

தென் யூட்டாவுக்கோ வட அரிசோனாவுக்கோ முதன்முறை மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர், மான் எங்கே இருக்கும் என்றுதான் முதலில் கேட்பார். ஆறுகள் அறுத்து ஆழ்த்திய பாறைப் பள்ளத்தாக்குகளான கேன்யன்கள் நிறைந்த அந்த நிலத்தில், அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சுட்ட மானை எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில், யார் முதுகில் வண்டிக்குக் கொண்டுவருவது? எதிர்ச்சுவரின் பாறைத்தட்டில் நிற்கும் மான் துப்பாக்கிக்கு 350 கெஜத் தொலைவில்தான் இருக்கும். ஆனால் இடையில் கிடக்கும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்க ஐந்து மணி நேரம் ஆகலாம். சில இடங்களில் வழியே இருக்காது. ஆகவே இந்த வழிகாட்டி திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த வழிக்குள் அடங்கும் மானை மட்டும் தேடச் சொல்கிறது.

இங்கே சொல்லப்படுவது அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மியூல் மான் வேட்டையைப் பற்றியது. அங்கே அது உரிமம் பெற்றுச் செய்யும் சட்டபூர்வமான வேட்டை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதால், இதில் எதையும் ஊருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

உரிமமும் டேக்கும்

வேட்டை உரிமம் கையில் இருந்தால் மட்டும் மானைச் சுட முடியாது. எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், எந்த ஆயுதத்தால் ஒரு மானை எடுக்கலாம் என்று குறிக்கும் டேக் தனியாக வேண்டும். பெரும்பாலான டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கின்றன. கொலராடோவில் 1999 முதல் எல்லா மான் டேக்குகளும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. யூட்டாவில் வசந்த காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரிசோனாவில் இலையுதிர்கால மான் குலுக்கலுக்கான கடைசி நாள் வழக்கமாக ஜூன் மாதத்தை ஒட்டி வரும். ஆக, அக்டோபர் வேட்டைக்கான வேலை பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. யூட்டாவில் 1965 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருந்தால்தான் உரிமம் வாங்க முடியும்; அந்தப் பயிற்சிக்கும் நாள் ஒதுக்க வேண்டும்.

தமிழர்கள் பலர் அங்கே வேலை விசாவில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உரிமத்துக்கு முன்னால் துப்பாக்கியைத் தொடக் கூடாது. நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பழகுவதும் இதில் அடங்கும். விசா நிலையைக் குறித்து ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவதே சரி.

டேக் வந்தவுடன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை முழுவதும் படியுங்கள். துப்பாக்கிப் பருவத்தில் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் யூட்டா 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறத் துணி கேட்கிறது. கொலராடோ 500 சதுர அங்குலம் கேட்கிறது. மரத்தில் கட்டும் தானியங்கிக் கேமராவை வேட்டைக்குப் பயன்படுத்துவதை அரிசோனா 2022 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. யூட்டாவில் ஜூலை 31 முதல் டிசம்பர் இறுதி வரை தடை உண்டு. பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நிலம் யாருடையது

யூட்டாவின் தெற்கில் பெரும்பரப்பு பொதுநிலம். பிஎல்எம் எனப்படும் நில மேலாண்மைத் துறையின் நிலத்திலும் தேசிய வனங்களிலும் வேட்டை உண்டு. ஸயன், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் கிடையாது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 1996இல் அறிவிக்கப்பட்ட கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலாண்டே, 2016இல் அறிவிக்கப்பட்ட பேர்ஸ் இயர்ஸ் ஆகியவை ‘தேசிய நினைவிடங்கள்’ எனப்படும் பெரும் பொதுநிலப் பரப்புகள், அவற்றில் மாநில விதிப்படி வேட்டையாடலாம். சான் வான் ஆற்றுக்குத் தெற்கே இருப்பது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அங்கே மாநில உரிமம் செல்லாது, அவர்களுடைய அனுமதி தனியாக வேண்டும். எல்லைகள் பல இடங்களில் வேலியோ பலகையோ இல்லாமல் மேட்டு நிலத்தின் நடுவே ஓடுவதால், நில உரிமையைக் காட்டும் கைபேசி வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடம் மறைப்பது

இனி வருவதுதான் திட்டத்தின் உயிர்நிலை. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1:24,000 அளவு வரைபடங்களில் சம உயரக் கோடுகள் பல இடங்களில் 40 அடிக்கு ஒன்றாக வரையப்பட்டிருக்கும். அப்படியானால் 30 அடிப் பாறைச்சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு இடையில் அடையாளமே இல்லாமல் ஒளிந்துகொள்ளலாம். சாதாரண மலையில் இது பெரிய குறை இல்லை. கேன்யன் நிலத்திலோ, ஒரு நாள் நடைப் பயணத்தை முடித்துவைக்க 30 அடிகூட வேண்டாம். பிடிமானம் இல்லாத 12 அடி போதும்.

எனவே கோடுகளோடு பாறை அடுக்குகளையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பல கேன்யன்களில் மேலிருந்து கீழாக நவஹோ மணற்கல், கயென்டா, விங்கேட் மணற்கல், சின்லி, மோயன்கோப்பி என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். நவஹோ வெளிறிய வழவழப்பான குவிமாடங்களாக நிற்கும். கயென்டா படிப்படியான தட்டுகளாக உடையும்; மானும் மனிதரும் பக்கவாட்டில் நடக்க அந்தத் தட்டுகள் உதவும். விங்கேட் சில நூறு அடிக்கு நேர்ச்சுவராக எழும். அது உடைந்து சரிந்த இடத்தில் மட்டுமே இறங்க முடியும். சின்லி நிறம் மாறி மாறிச் சரியும் களிமண் சரிவு. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், பார்த்திராத கேன்யனின் செயற்கைக்கோள் படத்திலேயே எந்த அடுக்கில் நடக்கலாம், எந்த அடுக்கு வழியை மறிக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சரிவை நிறத்தால் காட்டும் வசதி வரைபடச் செயலிகளில் உண்டு. அதையும் செயற்கைக்கோள் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, விங்கேட் சுவர் இடிந்து கற்குவியலாகக் கிடக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து வையுங்கள். நிழல் விழும் திசை படத்துக்குப் படம் மாறும் என்பதால் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒப்பிடுவது நல்லது.

இந்த நிலம் நேர்கோட்டில் திட்டமிடுகிறவர்களை எப்படி நடத்தும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1879 இலையுதிர் காலத்தில் மார்மன் சமயத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 250 குடியேறிகள் சான் வான் ஆற்றங்கரைக்குக் குறுக்கு வழியாகப் போகக் கிளம்பினார்கள். ஆறு வாரத்தில் சேர்ந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. கொலராடோ ஆற்றின் விளிம்பில் இருந்த பாறைப் பிளவை வெட்டி அகலப்படுத்தி வண்டிகளை இறக்க வேண்டியதாயிற்று. பயணம் ஆறு மாதம் நீண்டது. 'ஹோல் இன் தி ராக்' என்று அந்தப் பிளவுக்கும், அதை நோக்கிப் போகும் சாலைக்கும் இன்றும் பெயர்.

நடைநேரக் கணக்கை மைலில் போடாமல் மணியில் போடுங்கள். வரைபடத்தில் ஒரு மைல் என்றால் ஓடைப் படுகையில் முக்கால் மணி, தட்டுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், உடைந்த கற்சரிவில் இரண்டு மணி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள். முதுகில் 30 கிலோ இருக்கும்போது அதே கணக்கு இரட்டிப்பாகும். இப்படிக் கணக்கிட்டு, தங்குமிடத்திலிருந்து இறைச்சியோடு பகல் வெளிச்சத்துக்குள் திரும்ப முடிகிற எல்லையை வரைபடத்தில் கோடாக வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் மான், எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும், இந்த ஆண்டுக்கு உரியதில்லை.

பருவத்துக்கு முன் ஒரு பயணம்

வீட்டில் குறித்த வழிகளை ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ நேரில் நடந்து பார்க்க வேண்டும். இந்தப் பயணத்தில் மானைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். குறித்து வைத்த இறங்குவழி ஒவ்வொன்றும் உண்மையில் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று பார்ப்பதே வேலை.

என் முதல் ஆண்டில் குளம்படிகளைத் தொடர்ந்து போய், ஓடையின் குறுக்கே இருந்த வழுக்குப் பாறைப் படி ஒன்றில் உட்கார்ந்தவாறே சறுக்கி இறங்கினேன். உயரம் இரண்டு ஆள் இருக்கும். கீழே மண், அடி படவில்லை. அரை மைல் தள்ளி இன்னொரு படி வந்தது, அது நான்கு ஆள் உயரம். திரும்பி வந்து முதல் படியில் ஏற முயன்றபோது பிடிக்க ஒரு விரல் அளவு பள்ளம்கூட இல்லை. மாலை வரை பக்கச்சுவர்களைத் தடவித் தடவி, ஒரு கற்குவியல் வழியாக மேலேறி, இருட்டிய பிறகு வண்டிக்கு வந்தேன். அன்று குடிதண்ணீர் ஒரு மிடறு மீந்திருந்தது. ஏறிப் பார்த்து உறுதி செய்யாத எதிலும் இறங்குவதில்லை என்பதை அன்றைக்குப் பிறகு நான் விட்டதில்லை. வாசகரும் விடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடக்கும்போது கறுத்துப் பொருக்குத் தட்டிய மண்மேல் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ள மண். ஒரு காலடியில் நொறுங்கினால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஓடைப் படுகையிலும் பாறையிலும் நடந்தால் போதும். சீடர் மேசா போன்ற இடங்களில் குகைத் தட்டுகளுக்குள் பழங்குடி முன்னோர் கட்டிய வீடுகளும் களஞ்சியங்களும் நிற்கின்றன. மழைக்காகக்கூட அவற்றுக்குள் ஒதுங்குவதும், ஓட்டுச்சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதும் தவறு. எடுத்து வருவது 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

தண்ணீர், சாலை, வானம்

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். வெயில் மிகுந்த செப்டம்பரில் அதற்கும் மேல் ஆகும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் மூன்று நாள் தண்ணீரைச் சுமந்து நடப்பது நடக்காத காரியம். நவஹோ மணற்கல்லில் இறங்கும் மழைநீர் கயென்டா அடுக்கைத் தொட்டதும் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் கசிந்து ஊற்றாக வெளிவரும். அந்த இணைப்புக் கோட்டில் பச்சையாகத் தெரியும் இடங்களைத் தேடுங்கள். பாறைச் சுனைகள் மழைக்குப் பின் சில வாரம் நீரோடு இருக்கும். அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம், கிடைத்தால் வடிகட்டிக் குடிக்கலாம். அரிசோனாவில் நீர்நிலைக்குக் கால் மைல் தூரத்துக்குள், விலங்குகள் நீருக்கு வர முடியாதபடி கூடாரம் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அதே முறையைப் பின்பற்றுங்கள்: சுனையருகே மனித வாடை தங்கினால் மான் வராது.

சின்லி போன்ற களிமண் அடுக்குகளில் போடப்பட்ட மண்சாலைகள் காய்ந்திருக்கும்போது காரே போகும். அரை மணி நேர மழைக்குப் பின் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியும் பக்கவாட்டில் வழுக்கும். அப்போது செய்யக் கூடியது ஒன்றே: வண்டியை அசைக்காமல் சாலை காயும் வரை ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருப்பது. அதற்கான உணவும் நீரும் வண்டியில் கூடுதலாக இருக்க வேண்டும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். வில்வேட்டைப் பருவத்தில் போகிறவர்களுக்கு இது முதன்மையான ஆபத்து. 1997 ஆகஸ்டு 12 அன்று ஆன்டலோப் கேன்யனில் 11 பேரை அடித்துச் சென்ற வெள்ளம், பல மைல் தொலைவில் பெய்த மழையால் வந்தது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் ஓடைக்கு நீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று வரைபடத்தில் முன்பே பார்த்து, அந்த முழுப் பரப்புக்கும் வானிலை அறிக்கையைப் படிக்க வேண்டும். வறண்ட ஓடையில் கூடாரம் வேண்டவே வேண்டாம்.

சுவர்களுக்கு நடுவே கைபேசி அலை கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; இறுகிய இடுக்குகளில் அதற்கும் வானம் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2003இல் புளூஜான் கேன்யனில் பாறை உருண்டு கை சிக்கிக்கொண்ட ஏரன் ரால்ஸ்டன், எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வண்டி நிற்கும் இடம், இறங்கும் வழி, ஏறும் வழி, எத்தனை மணிக்குச் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் ஆகியவற்றைத் தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மான் படுக்கும் இடம்

மியூல் மானுக்கு அந்தப் பெயர் கோவேறு கழுதையுடையவை போன்ற பெரிய காதுகளால் வந்தது. கேன்யன் நிலத்தில் அது விடியலில் மேட்டு விளிம்பிலோ ஓடைக்கரையிலோ சேஜ்பிரஷ், பிட்டர்பிரஷ், கேம்பல் ஓக் தளிர்களைக் கடித்துவிட்டு, வெயில் ஏறியதும் நிழலுள்ள தட்டுக்குப் படுக்கப் போய்விடும். முதிர்ந்த ஆண் மான் பெரும்பாலும் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், பாறையோ ஜூனிப்பர் மரமோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, கீழே முழுவதும் தெரியும்படி படுக்கும். கீழிருந்து வருவதைக் கண்ணும், காற்று கொண்டுவரும் வாடையும் அதற்குச் சொல்லிவிடும்.

இந்தக் காற்றைப் புரிந்துகொள்ளாமல் நெருங்க முடியாது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் கீழ்நோக்கி வழியும். சூரியன் சுவரைச் சூடாக்கியதும் திரும்பி மேல்நோக்கி எழும். மாலையில் மறுபடியும் இறங்கும். கிழக்கு நோக்கிய சுவரில் இந்த மாற்றம் முன்னதாகவும் மேற்கு நோக்கிய சுவரில் பின்னதாகவும் நடக்கும். காற்று ஒரு திசையில் நிலைக்கும் வரை இருந்த இடத்தில் இருந்து, பகலில் மேலிருந்து இறங்கி நெருங்குவது நல்லது. பக்கக் கேன்யன் வந்து சேரும் சந்திப்புகளில் காற்று சுழலும். அங்கே நெருங்க முயல வேண்டாம்.

ஆதலால் நடையைக் குறைத்துக் கண்ணால் தேடுங்கள். 10 மடங்கு பெருக்கும் பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, விளிம்பில் உட்கார்ந்து, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைத் தட்டுத் தட்டாகத் துழாவ வேண்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காது. கிடைக்கோட்டில் ஒரு முதுகு, அசையும் ஒரு காது, வெள்ளைப் பின்புறத்தின் ஒரு துண்டு, இவைதான் முதலில் தெரியும். பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள் நிழல் நகர்வதால் படுத்த மான் எழுந்து இடம் மாற்றும். பலர் சாப்பிடப் போய்விடும் அந்த நேரத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

யூட்டாவின் பொதுத் துப்பாக்கிப் பருவம் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஏறத்தாழ ஒன்பது நாள் நடக்கும். இனச்சேர்க்கை நவம்பர் நடுவில்தான் தொடங்கும் என்பதால், அப்போது பெரிய ஆண் மான்கள் தனித்து ஒளிந்து கிடக்கும்; பொறுமை மட்டுமே உதவும்.

சுடுவதற்கு முன்

படுத்த மானைக் கண்டதும் முதலில் எடுக்க வேண்டியது வரைபடம். அது இருக்கும் தட்டுக்கு நீங்கள் நடந்து பார்த்த வழி இருக்கிறதா? சுட்டபின் நாலெட்டு தடுமாறினால் எந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கம் சுவரா சரிவா? இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் சுடாதீர்கள். எடுக்க முடியாத இடத்தில் விழுந்த மான் வீணாகிப் போன ஓர் உயிர். இறைச்சியை வீணாக்குவது சட்டப்படியும் குற்றம்.

கோணத்தில் சுடும்போது தோட்டாவின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைமட்டத் தூரம். 30 பாகை கீழ்நோக்கி 300 கெஜம் என்று தூரமானி காட்டினால், 260 கெஜத்துக்குக் குறிவைப்பதுபோல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோட்டா மேலே போகும். மேல்நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குதான். கோணத்தைச் சேர்த்துக் கணக்கிடும் தூரமானிகள் கிடைக்கின்றன. துப்பாக்கி .270 வின்செஸ்டரோ, 6.5 கிரீட்மோரோ, .30-06 ஆகவோ இருக்கலாம். உட்கார்ந்த நிலையில், பாறைமேல் பையை வைத்துச் சுட்டுப் பழகிய தூரத்துக்கு மேல் முயலக் கூடாது என்பதே முக்கியம்.

ஈயம் இல்லாத செப்புத் தோட்டாவையே தேர்ந்தெடுங்கள். 1996 டிசம்பரில் வட அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் விடப்பட்டுப் பெருகிவரும் கலிஃபோர்னியக் காண்டார் கழுகுகள், வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலில் சிதறிய ஈயத்தைத் தின்று மாண்டுபோகின்றன. அவற்றின் சாவுக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று இதுவே. அவை வட்டமிடும் வானத்தின் கீழ் வேட்டையாடுகிறவருக்கு இது ஒரு கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இறைச்சி

மான் விழுந்ததும், நகர்த்துவதற்கு முன்பே டேக்கை விதிப்படி குறித்து இணைக்க வேண்டும். பிறகு எல்லாமே வெப்பத்தோடு நடக்கும் போட்டி. செங்குத்து நிலத்தில் முழு உடலை இழுக்க முடியாது. விழுந்த இடத்திலேயே தோலுரித்து, நான்கு கால்களையும் முதுகுத் தசைகளையும் கழுத்தையும் தனித்தனியே எடுத்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு, வடக்கு நோக்கிய நிழலில் தொங்கவிடுங்கள். தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதைதான் முதலில் கெடும் என்பதால், வெயில் கடுமையாக இருந்தால் எலும்பை நீக்கிவிடுவது நல்லது. பாலினத்தைக் காட்டும் உறுப்பை விதி கேட்கும்படி ஒரு கூறோடு இணைத்தே வைத்திருக்க வேண்டும். வளர்ந்த ஆண் மானில் எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ 30 கிலோவும் அதற்கு மேலும் வரும்: ஒருவருக்கு இரண்டு நடை, தலையையும் சுமந்தால் இன்னும் ஒன்று. முதல் நடையிலேயே ஒரு பகுதியை வண்டியிலுள்ள பனிக்கட்டிப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். இருட்டில் பாறைப் படியில் சுமையோடு இறங்காமல் மிச்சத்தை விடியலுக்கு விட்டுவிடலாம், இரவுக் குளிர் அதைக் காக்கும்.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 1967இல் கொலராடோவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2002இல் யூட்டாவிலும் காணப்பட்ட நாட்பட்ட உடல்மெலிவு நோய் மான்களிடையே பரவிவருகிறது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. பார்வைக்குக் கொழுத்து நலமாகத் தெரியும் மானிலும் நோய் இருக்கலாம். மூளையையும் தண்டுவடத்தையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை விதித்துள்ளதால் அவற்றை முன்பே நீக்கிவிட்டு, தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுக்களை மாநில வனவிலங்குத் துறையின் சோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவு வரும் வரை பொட்டலங்கள் உறைபெட்டியில் நாளும் இடமும் எழுதப்பட்டு இருக்கட்டும். அதுவரை யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம்.